குந்தோரோவின் வலப்பக்கத் தலைவலி

தலைவலிக்காரர் என்று ஓர் இனம் இருக்கிறது. தலை வலிக்கிறவர்கள் எல்லோரையும் இந்த இனத்தில் சேர்த்துவிடாதீர்கள். நமக்கெல்லாம் வலித்தால் ஒரு மாத்திரையைப் போட்டு, சூடாக எதையாவது குடித்து, வீட்டில் இருப்பவர்கள்மேல் இரண்டு முறை எரிந்து விழுந்து, மறுநாள் அதை மறந்தே போகிறோம். தலைவலிக்காரர் ஒரு தலைவலியை அப்படி வீணாக்க மாட்டார். அது எந்தக் கிழமை வந்தது, அப்போது என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எதிரே யார் உட்கார்ந்திருந்தார், அந்த ஆள் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார் என்பது வரை நினைவு வைத்திருப்பார். கல்யாண நாள் மறந்துபோகும். இது மறக்காது.

எங்கள் சலாத்திகா மலையடிவாரத்து ஊர். குளிரும் மழையும் அதிகம் என்பதாலோ என்னவோ, தெருவுக்கு ஒருவராவது இந்த இனத்தில் தேறுகிறார். கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு நெற்றிப்பொட்டிலும் தபால்தலை அளவுக்குக் கத்தரித்து ஒட்டிய மருந்துப் பிளாஸ்திரி, சட்டைப்பையில் தைலக்குப்பி, அவர் வருவதற்கு முன்பே வந்து சேர்கிற தைல வாசனை. இவை வெளி அடையாளங்கள். கொஞ்சம் கவனித்தால் உள் அடையாளங்களும் தெரியும். தெருக்கூட்டத்தில் சாக்கடை பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் சுவர்க்கடிகாரத்தை முதலில் ஒரு கண்ணாலும் பிறகு மறு கண்ணாலும் பார்ப்பார். நேரம் பார்க்கவில்லை; பார்வை பார்க்கிறார். கண்ணாடி எதிர்ப்பட்டால் நின்று பல் தெரியச் சிரிப்பார். அழகு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. முகத்தில் ஒரு பக்கம் தொங்குகிறதா என்று சோதிக்கிறார். திடீரென்று உங்கள் அருகில் வந்து, தன் இரண்டு கண்மணியும் ஒரே அளவா என்று கேட்பார். ஆமாம் என்று உடனே சொன்னால், நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. அரை நொடி தயங்கிச் சொன்னால், தொலைந்தீர்கள்.

அப்புறம் அந்தக் கைப்பேசி. அதில் தலைவலி என்று தட்டுவார். முதல் பக்கம் தூக்கமின்மை என்று சொல்லும். அது ஏழைகளின் வியாதி, அவருக்கு வேண்டாம். இரண்டாம் பக்கம், மூன்றாம் பக்கம் என்று இறங்கி, வாயில் நுழையாத பெயருள்ள ஒன்றில் போய் நிற்பார். அது பத்து லட்சத்தில் ஒருவருக்கு வருமாம். தெருக் குலுக்கலில் ஒரு பிளாஸ்டிக் வாளிகூட விழாத மனிதர் அந்த ஒருவர் தான்தான் என்று உறுதியாக நம்புவார்.

மருத்துவரிடம் போக மாட்டாரா? போவார். போய்க்கொண்டே இருப்பார். ஆனால் "ஒண்ணும் இல்லை" என்ற இரண்டு சொற்களைப் போல அவரைப் புண்படுத்துவது எதுவும் இல்லை. டாக்டர் அதை முகத்தைப் பார்க்காமல் சொன்னால், எதையோ மறைக்கிறார். முகத்தைப் பார்த்துச் சொன்னால், அவ்வளவு அழுத்திச் சொல்ல என்ன அவசியம்?

இந்த இனத்தின் முழு லட்சணமும் பொருந்தியவர் என் எதிர்வீட்டு பாக் குந்தோரோ. பெரியவர்களில் ஆண்களை 'பாக்' என்றும் பெண்களை 'இபு' என்றும் மரியாதையாக அழைப்பது எங்கள் ஊர் வழக்கம். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஐம்பத்து நாலு வயது. வாழ்நாளில் பாதியை, பிரேக் எது, ஆக்சிலேட்டர் எது என்று தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கழித்தவர். ஒருமுறை பல்மருத்துவரின் மனைவி சந்தைக்கு நடுவில், நிறுத்துவதாக நினைத்துக்கொண்டு வண்டியைச் சீறவிட்டார். முட்டைக்கோஸ் வண்டிக்காரர் தன் வண்டியை விட்டுவிட்டே ஓடினார். குந்தோரோ தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து நிறுத்தி, கையிலிருந்த வாழைப்பழப் பஜ்ஜியின் மீதியையும் தின்று முடித்தார். அப்படிப்பட்ட மனிதருக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம். அது அவருடைய தோளுக்கு மேலே இருந்தது.

மழைக்காலத் தொடக்கத்தில் வலி வந்தது. வலப்பக்கம், கண்ணுக்குப் பின்னால், யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவது போல. தெரு முழுக்க ஒரே குரலில் நோயைச் சொல்லிவிட்டது: உடம்புக்குள் காற்று புகுந்துவிட்டது. எங்கள் ஊரில் காய்ச்சலிலிருந்து கடன்காரர் தொல்லை வரை எல்லாவற்றுக்கும் காரணம் அந்தக் காற்றுதான். அவர் மனைவி இபு யாத்மி, காற்று வெளியேறட்டும் என்று முதுகில் எண்ணெய் தடவிக் காசால் சுரண்டினார். முதுகு புலிபோல வரிவரியாகச் சிவந்தது. வலி இருந்த இடத்திலேயே இருந்தது. என் மனைவி மூக்குக்கண்ணாடியை மாற்றச் சொன்னாள், மாற்றினார். பிறகு தலையணை மாறியது, கட்டில் திசை மாறியது. இஞ்சிக் கஷாயம், மஞ்சள் கஷாயம், பெயர் சொல்ல விரும்பாத ஒரு வேரின் கஷாயம் என எல்லாம் உள்ளே போயின. சுகாதார நிலையத்து டாக்டர் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் வயதில் எனக்கு இப்படி இருந்தால் விருந்து வைப்பேன் என்றாராம். குந்தோரோ அதை ஒரு மாதம் எல்லோரிடமும் குறையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வலி போவதும் வருவதுமாக இருந்தது. கால்பந்து ஆட்டம் பார்த்த இரண்டு மணி நேரம் வலிக்கவில்லையே என்று யாத்மி ஒருநாள் கேட்டார்.

"வலிச்சுது. நான் சொல்லல" என்றார் குந்தோரோ.

"நீங்களா சொல்லல?" என்று கேட்டுவிட்டு யாத்மி அரிசி களைய உள்ளே போனார்.

கடைசியில் செமாராங் நகரத்தில் நரம்பு மருத்துவர் விந்தார்த்தியிடம் போனார்கள். சின்னச் சுத்தியலால் முழங்காலில் தட்டி, ஒரு கோட்டின்மேல் நடக்கவைத்து, கண்ணுக்குள் விளக்கடித்து, அந்த அம்மாள் ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லை என்றார். இருந்தாலும் வலி மாதக்கணக்கில் இருப்பதாலும், பயத்தில் மனிதர் தூங்குவதே இல்லை என்று யாத்மி சொன்னதாலும், தலையை ஒரு ஸ்கேன் எடுத்துவிடலாம் என்று முடிவானது. இரண்டு வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள்.

அந்த இரண்டு வாரம் குந்தோரோ சாகிற வேலையில் முழுமூச்சாக இறங்கினார்.

முதலில் மனைவியைத் தனி வாழ்க்கைக்குத் தயார் செய்தார். எரிவாயு சிலிண்டர் மாற்றுவது எப்படி என்று விளக்கத் தொடங்கி, எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல் நின்றார். கல்யாணமான நாளிலிருந்து அதை மாற்றிவந்தவர் யாத்மி. அவர் வந்து மாற்றிக் காட்டியதும், இவர் "சரியா செய்றே, இனிமே கவலை இல்லை" என்று கண்கலங்கினார். வண்டி கற்க வந்தவர்களுக்கும் புதுக் குந்தோரோ கிடைத்தார். முன்பெல்லாம் கியர் தவறினால் தெருமுனை வரை கேட்கும். இப்போது ஒரு பெண் ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் நுழைந்தபோது, "போங்கம்மா, எந்த வழியில போனாலும் கடைசியில எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான்" என்றார். அந்தப் பெண் அங்கேயே வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோருமாகத் தெருவைப் பெருக்கி முடித்த கையோடு என்னிடம் வந்தார். அண்ணன் வீட்டுக்குப் போக வேண்டும், துணைக்கு வர முடியுமா என்று கேட்டார். கையிலிருந்த துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டேன்.

அண்ணன் பாக் வாஸித்தோ இரண்டு தெரு தள்ளி இருந்தார். பேருந்து நிலையத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இருவருக்கும் ஏழெட்டு ஆண்டாகப் பேச்சு இல்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நாங்கள் யாரும் சிரித்ததில்லை. சுதந்திர தினத்துக்கு நடக்கும் தெருப் போட்டியில், இறகுப்பந்து இரட்டையர் இறுதியாட்டத்தில், அண்ணனும் தம்பியும் ஒரே அணி. கடைசிப் பந்து இருவருக்கும் நடுவில் உயரமாக வந்தது. இவர் அது அவருடையது என்று நின்றார். அவர் அது இவருடையது என்று நின்றார். பந்து மெதுவாக இறங்கி இருவர் காலுக்கும் நடுவில் உட்கார்ந்தது. பிறகு இருவரும் பேசிக்கொண்ட சில வார்த்தைகளைத் தெரு முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு வார்த்தையே இல்லை. பெருநாளில்கூட, ஒரு வீட்டுக்கு ஒருவர் வந்துபோன பிறகுதான் மற்றவர் வருவார்.

வாஸித்தோ வாசலில் குருவிக் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்; உள்ளே வரச் சொல்லவில்லை. குந்தோரோ கையிலிருந்த கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினார். அவர் வாங்கவில்லை. இவர் அதைக் கூண்டின் மேலேயே வைத்தார்.

"அண்ணே, அன்னிக்கு வந்த பந்து என்னுது. நான்தான் அடிச்சிருக்கணும்."

வாஸித்தோ ஈரக்கையை லுங்கியில் துடைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் கழித்து அதற்கு இப்போது என்ன என்று என்னைப் பார்த்துக் கேட்டார். தம்பியைப் பார்க்கவில்லை. குந்தோரோ மெல்லச் சொன்னார், தலை வலிக்கிறது, மாதக்கணக்காக, ஸ்கேன் எடுக்கப் போகிறார்கள் என்று.

வாஸித்தோ அப்போதுதான் திரும்பினார்.

"எந்தப் பக்கம்?"

"வலது."

"கண்ணுக்குப் பின்னாலயா?"

"ஆமா."

"அப்பா வயசு வந்துடுச்சா உனக்கு?"

குந்தோரோ தலையை ஆட்டினார். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. இத்தனை கஷாயம் குடித்தவர், இத்தனை பேரிடம் கண்மணியைக் காட்டியவர், இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அவர்கள் அப்பா அஞ்சலகத்தில் வேலை பார்த்தவர். ஐம்பத்து நாலு வயதில் ஒரு காலை, தலை கனக்கிறது என்று சொல்லி மூங்கில் நாற்காலியில் சாய்ந்தவர், காபி வருவதற்குள் போய்விட்டார். காபியை எடுத்துக்கொண்டு வந்தவன் பத்தாவது படித்துக்கொண்டிருந்த குந்தோரோ.

வாஸித்தோ உள்ளே போய் இரண்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார். எனக்கு இல்லை, அவர்களுக்கு. நான் குருவிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"எனக்கும் வந்துச்சு. நாலு வருஷம் முன்னால, அந்த வயசுல. எனக்கு இடது பக்கம். ராத்திரி படுத்தா காலைல எழுந்திருக்க மாட்டோம்னு தோணும். உன் அண்ணிகிட்ட சொன்னா காசை எடுத்துட்டு முதுகைச் சுரண்ட வந்துடுவா. உன்கிட்டதான் சொல்லணும்னு இருந்துச்சு. அப்பாவை நீதானே பாத்தே." லுங்கியில் மறுபடி கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆனா பேச்சு இல்லையே."

குந்தோரோ கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்தார். இருவரும் ஆளுக்கு ஒன்றாகக் கடித்தார்கள். எனக்கும் ஒன்று கொடுத்தார்கள் என்பதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும்.

ஸ்கேன் நாளன்று என் காரில் போனோம், நான்தான் ஓட்டினேன். பாதி வழியில் நினைவு தப்பினால் என்ன செய்வது என்று குந்தோரோ ஓட்ட மறுத்துவிட்டார். முன்னிருக்கையில் அவர்; பின்னால் யாத்மியும் வாஸித்தோவும். மரணத்தை நோக்கிப் போகிற மனிதர் சாலையைக் கவனிக்க மாட்டார் என்று நினைப்பீர்கள். சுங்கச் சாலை முழுக்க அவருடைய கால், இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. லாரிக்குப் பின்னால் இடைவெளி போதாது என்றார். கண்ணாடி பார்க்காமல் தடம் மாறினேன் என்றார். நான்தான் பார்த்தேனே என்றால், தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை என்றார். உங்காரான் ஊரைத் தாண்டும்போது எனக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது.

படம் எடுத்தார்கள். சத்தம் போடும் குழாய்க்குள் அசையாமல் படுத்திருந்துவிட்டு அவர் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. டாக்டர் விந்தார்த்தி படங்களைத் திரையில் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். வாஸித்தோ தம்பியின் தோளைப் பிடித்திருந்தார். அந்தப் பிடியே ஒரு தலைவலியை வரவழைக்கப் போதுமானது.

சுத்தமாக இருக்கிறது என்றார் டாக்டர்.

"அப்ப வலி பொய்யா டாக்டர்?" என்று கேட்டார் குந்தோரோ. அவர் அப்படிக் கேட்பது சண்டைக்காக என்று நினைத்தேன். குரலைக் கேட்டால் அப்படி இல்லை. இத்தனை பேரை அலைக்கழித்துவிட்டோமே என்ற வெட்கம் அதில் இருந்தது.

"பொய் இல்லை, பாக். வலி நிஜம். மூளைக்குள்ள கோளாறு இல்லை, அவ்வளவுதான். கழுத்தும் தாடையும் நாள் முழுக்க இறுகிக் கிடக்குது. அதனால இருக்கலாம். உறுதியா இதுதான்னு என்னால சொல்ல முடியாது."

"காரணம் தெரியாம ஒரு வலியை வச்சுக்கிட்டு எப்படி இருக்கறது?"

"எனக்கும் ஒண்ணு இருக்கு. வருஷக்கணக்கா" என்றார் டாக்டர். "அதோடதான் உங்களையெல்லாம் பாக்கறேன்."

பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னார். திடீரென்று இதுவரை இல்லாத கடும் வலி வந்தாலோ, கை கால் சோர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே வர வேண்டும். மற்றபடி நடக்க வேண்டும், தூங்க வேண்டும், வண்டியில் உட்காரும்போது பல்லைக் கடிக்கக் கூடாது, கைப்பேசியில் நோய் தேடக் கூடாது. பயம் வந்தால் அடக்க வேண்டாம். யாராவது ஒருவரிடம் சொல்லலாம். ஒரே ஒருவரிடம். நாளுக்கு ஒரே ஒரு தடவை.

"அது நான் இல்லை" என்றார் யாத்மி.

அண்ணன் தான் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

திரும்பும் வழியில் பாவென் என்ற ஊரில் ஒரு கடையில் நிறுத்தினோம். கோழிச் சாறும் சோறும். குந்தோரோ இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்; மாதங்களுக்குப் பிறகு மிளகாய்ச் சாந்தை அள்ளிப் போட்டுக்கொண்டார். உயிர் திரும்பி வந்த மனிதரின் முகம் எப்படி இருக்கும் என்று அன்று பார்த்தேன். அது கொஞ்ச நேரம்தான் அப்படி இருந்தது. எலுமிச்சையைப் பிழிந்துகொண்டே அவர் தொண்டையைச் செருமினார்.

"அண்ணே, அந்தப் பந்து விஷயம்."

"எந்தப் பந்து?"

"அது கொஞ்சம் உன் பக்கமாத்தான் வந்துச்சு. நான் அன்னிக்கு சொன்னது, சாகப் போறோம்னு நெனச்சு சொன்னது."

யாத்மி கரண்டியைக் கீழே வைத்தார். நான் பில்லுக்குக் கைகாட்டலாமா என்று யோசித்தேன். ஏழெட்டு வருஷ மௌனம் அந்த மேசைக்குக் கீழேயே எங்கோ படுத்திருப்பதாகத் தோன்றியது. வாஸித்தோ வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். தண்ணீர் குடித்தார். தம்பியின் கிண்ணத்திலிருந்த கடைசிக் கோழித்துண்டை எடுத்துத் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டார்.

"சரி, என்னுது" என்றார். "இதுவும் என்னுது. சாப்பிடு."

இவ்வளவு நடந்த பிறகு தலைவலி போய்விட்டதா? இல்லை. வாரத்தில் இரண்டு நாளாவது வருகிறது. ஏனென்று இன்னும் யாருக்கும் தெரியாது. ஆனால் பிளாஸ்திரி குறைந்திருக்கிறது. கியர் தவறினால் பழையபடி தெருமுனை வரை கேட்கிறது; தெருவுக்கே அதில் ஒரு நிம்மதி. காலையில் அண்ணனும் தம்பியும் பெரிய திடலைச் சுற்றி நடக்கிறார்கள். முதல் சுற்றில் தம்பி தன் பயத்தைச் சொல்வார். அண்ணன் கேட்டுவிட்டு, "நாளைக்குப் பாக்கலாம்" என்பார். இரண்டாம் சுற்று அண்ணனுடையது: முட்டி, பித்தப்பை, இப்போது புதிதாகக் காதில் ஒரு சத்தம். ஒருவரிடம் சொல்லத்தான் டாக்டர் சொன்னார், ஒருவரிடமிருந்து கேட்கச் சொல்லவில்லையே என்று குந்தோரோ என்னிடம் வந்து குறைபட்டார். மூன்றாம் சுற்றில் இருவரும் எங்கள் தெரு மருமகள்களைப் பற்றிப் பேசுகிறார்கள். அதைக் கேட்டால் இருவருமே நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பது தெரியும்.

குந்தோரோவுக்கு ஐம்பத்தைந்து பிறந்த அன்று வாஸித்தோ வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே வந்து கதவைத் தட்டினாராம். எதற்கு என்று சொல்லவில்லை. கதவைத் திறந்த தம்பியை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, "செருப்பைப் போடு, மழை வர்றதுக்குள்ள நடந்துட்டு வந்துடலாம்" என்றாராம். யாத்மி இதைச் சொல்லும்போது சிரித்தார். பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.

இந்த இனத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த இரண்டு மூன்று பேருடைய முகம் வந்துபோயிருக்கும்; அவர்களுக்கு இதை அனுப்பிவைக்கலாம் என்றும் தோன்றியிருக்கும். தாராளமாக அனுப்புங்கள். அதற்கு முன்னால், மரியாதைக்காக நான் ஒன்று கேட்டுவிடுகிறேன். நீங்கள் சௌக்கியம்தானே? சௌக்கியம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்களானால் மன்னித்துக்கொள்ளுங்கள், உங்கள் நேரத்தை வீணாக்கிவிட்டேன். அப்படி இல்லாமல், பெருமூச்சு ஒன்று விட்டு, "அதை ஏன் கேக்கறீங்க, போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்ன ஆச்சுன்னா" என்று ஆரம்பித்திருந்தால், வாருங்கள், உட்காருங்கள். எந்தப் பக்கம்?